இறாலுக்கும் ஜாதகம் உண்டு!

போன ஞாயிற்றுக்கிழமை, பொத்தேரி ஸ்டேஷன் பக்கம் மீன்காரம்மாவிடம் அரை கிலோ இறால் கேட்டேன்.

"கடல் இறாலா, வளர்ப்பு இறாலா தம்பி?"

பி.காம். படித்தவனுக்கு விலை வித்தியாசம்தானே புரியும்? "எது சீப்போ அதைப் போடுங்கம்மா" என்றேன். ஊரிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். அவருக்கு இறால் என்றால் உயிர். ஒரு காலத்தில் உயிரையே எடுத்ததும் அதுதான்!

1990-களில் சீர்காழி பக்கம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் புலி இறால் வளர்த்தவர். முதல் அறுவடையில் புல்லட் வாங்கினார். அடுத்த அறுவடையில் புல்லட்டை விற்றார். 1994-95-ல் இந்தியப் பண்ணைகளைச் சூறையாடிய வெள்ளைப்புள்ளி வைரஸின் கைங்கர்யம். "இறால் எல்லாம் கரை ஒதுங்குச்சு, நான்தான் கரை சேரலைடா" என்பார்.

அன்றைக்குத் தாய் இறால்களைக் கடலில்தான் பிடித்து வருவார்கள். தாய்க்கு வைரஸ் இருந்தால் குஞ்சுக்கும் சீதனமாக வந்துவிடும். 'அப்படியானால் நோயில்லாத தாய்களை நாமே தலைமுறை தலைமுறையாக வளர்த்தால் என்ன?' என்று கேட்கிறீர்களா? வளர்க்கலாம். அங்கேதான் ஜாதகப் பொருத்தம் வருகிறது.

கடலில் இந்தப் பிரச்னை இல்லை. புலி இறால் ஒரே தடவையில் லட்சக்கணக்கில் முட்டையிடும். குஞ்சுகள் சுமார் இரண்டு வாரம் நீரோட்டத்தோடு மிதந்து, பழவேற்காடு மாதிரியான கழிமுகங்களில் வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய்ச் சேரும். எந்த ஊர்ப் பிள்ளை எந்த ஊரில் சம்பந்தம் செய்யும் என்று சொல்லவே முடியாது. இரண்டு கூட்டங்களுக்கு இடையே தலைமுறைக்கு ஓரிரண்டு இறால் இடம் மாறினாலே போதும், மரபு பெரிதாகப் பிரியாது என்பது விஞ்ஞானிகள் கணக்கு. தூரம் ரொம்ப அதிகமானால் கதை வேறு. ஆப்பிரிக்கக் கரைப் புலி இறாலும் ஆஸ்திரேலியக் கரைப் புலி இறாலும் பார்க்க ஒன்றுதான். டி.என்.ஏ.வைப் பிரித்தால் குட்டு உடைந்துவிடும்!

பண்ணைத் தொட்டியில் நிலைமை தலைகீழ். நாலு தாய் போதும், குஞ்சு லட்சக்கணக்கில் வந்துவிடும். ஆனால் அத்தனையும் அண்ணன் தங்கச்சி! எங்கள் பாஷையில் சொன்னால், பேலன்ஸ் ஷீட்டில் பெரிய தொகை, கல்லாவில் ரொக்கம் இல்லை. எண்ணிக்கையா முக்கியம்? எத்தனை பெற்றோர் என்பதுதான் முக்கியம். சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம் தொடர்ந்தால் வளர்ச்சி குறையும், சாவு கூடும். புதிதாக ஒரு வியாதி வந்தால் தாக்குப்பிடிக்கும் ஒன்றிரண்டு கூட இல்லாமல் போகலாம்.

2009-ல் பசிபிக் கரையைச் சேர்ந்த வனாமி இறாலுக்கு இந்தியா அனுமதி கொடுத்தது. விமானத்தில் வந்திறங்கிய தாய் இறால்களை நீலாங்கரையில் தனிமைப்படுத்திப் பரிசோதித்தார்கள். இன்று நம் பண்ணை இறாலில் பெரும்பகுதி வனாமிதான். லாபம் சரி. ஆனால் மொத்தச் சேமிப்பையும் ஒரே சீட்டுக் கம்பெனியில் போடுவோமா?

இதனால்தான் நம்ம ஊர் வெள்ளை இறாலுக்கும் யோகம் வந்திருக்கிறது. அதன் மரபை மேம்படுத்த, சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் 2023 பிப்ரவரியில் 25 கோடி ரூபாய்த் திட்டம் தொடங்கியது. இந்த மாதிரித் திட்டத்தில் குடும்பம் குடும்பமாகக் கணக்கு வைத்து, நன்றாக வளர்வதைத் தேர்ந்தெடுத்து, நெருங்கிய சொந்தம் சேராமல் ஜோடி போடுவார்கள். சுத்தமான லெட்ஜர் வேலை!

அந்த லெட்ஜருக்கு முதல் எங்கே இருக்கிறது? கடலில். அங்கே இருக்கும் பலவகை மரபை நாம் தீர்த்துவிட்டால், எந்த பாங்க்கிலும் லோன் கிடைக்காது.

இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் சித்தப்பாவிடம் சொன்னேன். இறால் தொக்கைப் பிசைவதை நிறுத்திவிட்டு, கண்கள் மின்ன, "அப்போ இன்னொரு தடவை குளம் வெட்டலாம்கிறியா?" என்றார்.

சமையலறையிலிருந்து சித்தியின் குரல் வந்தது.

"முதல்ல அந்த புல்லட்டை மீட்டுக்கிட்டு வாங்க!"