வெயிலில் சைக்கிளோட்ட ஒரு ‘பஃப்’: எப்போது போடலாம், எப்போது கழற்ற வேண்டும்?

வார இறுதிக் காலைகளில் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் புலாவ் உபினிலும் சைக்கிளோட்டுவோரைக் கவனித்தால், பலரின் கழுத்திலோ தலையிலோ ஒரு வண்ணத் துணி இருப்பதைப் பார்க்கலாம். உணவு விநியோகம் செய்வோரில் சிலர் கண்கள் மட்டும் தெரியும்படி அதை மூக்குவரை இழுத்துவிட்டிருப்பார்கள்.

இழுத்தால் நீளும் இந்தத் துணிக்குப் பொதுவான பெயர் ‘நெக் கெய்ட்டர்’. பெரும்பாலோர் அழைப்பது ‘பஃப்’ என்று. கறிபஃப் நினைவுக்கு வந்தால் தவறில்லை. ஆனால் இது ஸ்பெயினிலிருந்து வந்த பெயர். பார்சிலோனாவுக்கு அருகிலுள்ள இகுவலாடா நகரைச் சேர்ந்த ஜோவான் ரோஹாஸ் என்ற மோட்டார் சைக்கிள் பிரியர், 1990களின் தொடக்கத்தில், வெயிலும் காற்றும் கழுத்தைத் தாக்காமல் இருக்க இதை உருவாக்கினார். கழுத்துத் துணியைக் குறிக்கும் ‘புஃபாண்டா’ என்ற சொல்லின் சுருக்கமே ‘பஃப்’.

இதை உலகறியச் செய்ததில் நம் வட்டாரத்துக்கும் ஒரு பங்குண்டு. அமெரிக்காவின் ‘சர்வைவர்’ தொலைக்காட்சித் தொடரின் முதல் பருவம் 2000ஆம் ஆண்டில் சாபாவின் புலாவ் தீகாவில் படமாக்கப்பட்டது. போட்டியாளர்கள் எந்த அணியைச் சேர்ந்தவர்கள் என்பதைக் காட்டியது அவர்கள் அணிந்திருந்த பஃப்பின் நிறம்தான்.

முடிச்சு இல்லாத துண்டு

பஃப் என்பது இரு முனையும் திறந்த ஒரு துணிக்குழாய், அவ்வளவுதான். ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் நீளம், தட்டையாக வைத்தால் அதில் பாதி அகலம். பெரும்பாலும் மெல்லிய பாலியெஸ்டர் இழையில் செய்யப்பட்டது.

நம் ஊர்த் துண்டு செய்யாத வேலையை இது ஒன்றும் செய்துவிடவில்லை. வயலில் முண்டாசாக இருக்கும் துண்டு, வரப்புக்கு வந்ததும் வியர்வை துடைக்கும், உட்கார விரிப்பாகும். இங்கே கட்டுமானத் தளங்களில் ஊழியர்கள் பாதுகாப்புத் தலைக்கவசத்துக்குள் துணியைச் சுற்றிக்கொள்வதும் இதே தேவைக்காகத்தான். வேறுபாடு, பஃப்புக்கு முடிச்சு வேண்டாம். எதிர்காற்றில் அவிழ்ந்து சக்கரத்தில் சிக்கவும் செய்யாது.

கழுத்தில் மாட்டினால் பின்கழுத்து வெயிலில் கருகாது. நான்காக மடித்து நெற்றியில் போட்டால் வியர்வை கண்ணில் இறங்காது. தொப்பியாக வேண்டுமென்றால், துணியின் ஒரு பாதியைத் தலையில் மாட்டி, உச்சிக்கு மேல் ஒரு முறுக்கு முறுக்கி, மீதியைத் திருப்பி முதல் பாதியின்மேல் இழுத்துவிட வேண்டும். கண்ணாடிக்கு முன் இரண்டு தடவை செய்துபார்த்தால் கை பழகிவிடும்.

தலைக்கவசத்துக்குள் போகும்போது

சாலையில் சைக்கிளோட்டுவோருக்குத் தலைக்கவசம் 2019 முதல் கட்டாயம். அதற்குள் பஃப் அணியலாம். ஆனால் சற்றுமுன் சொன்ன முறுக்குத் தொப்பி அங்கே சரிவராது. முறுக்கிய இடம் தடித்து, தலைக்கவசத்தை ஒரு பக்கமாகத் தூக்கிவிடும். தலையோடு ஒட்டி உட்காராத தலைக்கவசம் விழும்போது நகர்ந்துவிடும்; பிறகு அது தலையில் இருந்தும் பயனில்லை.

எனவே உள்ளே சுருக்கமில்லாத ஒற்றை மடிப்புத் துணி போதும். அதை அணிந்த பிறகே பின்புறத் திருகியையும் தாடை வாரையும் சரிசெய்ய வேண்டும். நீண்ட கூந்தல் உள்ளவர்கள் உச்சிக்கொண்டைக்குப் பதில் தாழ்வாகப் பின்னிக்கொள்வது நல்லது, காரணம் இதேதான்.

இந்த ஊர் ஈரம்

வியர்வை உடலைக் குளிர்விப்பது, அது ஆவியாகும்போதுதான். பஃப் வியர்வையை உறிஞ்சிப் பரப்புகிறது. காற்று பட்டதும் அது ஆவியாகி, தோல் குளிர்கிறது. பாலைவனத்தில் நனைத்த துணியைக் கழுத்தில் சுற்றிக்கொள்வது பெரிய நிம்மதி தருவதும் இதனால்தான்.

சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி ஈரப்பதமோ 80 விழுக்காட்டுக்கும் மேல். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்றில் வியர்வை மெதுவாகவே ஆவியாகும். சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்வரை எதிர்காற்று உதவும். போக்குவரத்து விளக்கில் நின்றதும், நனைந்த துணி கழுத்தைச் சுற்றிய வெந்நீர்ப் பட்டையாகிவிடும். ‘குளிர்ச்சி தரும்’ என்று பொட்டலத்தில் அச்சிட்டிருப்பதை இந்த ஊருக்கு அப்படியே நம்பிவிட முடியாது.

என் பார்வையில், இங்கு பஃப்பின் முதல் பயன் குளிர்ச்சி அல்ல, வெயில் மறைப்பு. மேகம் குறைந்த நாள்களில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தொடுவதுண்டு. அது மிகக் கடுமையான நிலை. ‘யுபிஎஃப் 50’ என்ற முத்திரை உள்ள துணி, அக்கதிர்களில் ஐம்பதில் ஒரு பங்கை, அதாவது 2 விழுக்காட்டை மட்டுமே உள்ளே விடும். ஆனால் துணியை இழுக்க இழுக்க இழைகளுக்கிடையே இடைவெளி கூடி, பாதுகாப்பு குறையும். இறுக்கமான அளவை வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். காது, மூக்கு போன்ற மறையாத இடங்களுக்கு வெயில் தடுப்புக் களிம்பு வேண்டும்.

மூக்கை மூடியபடி மேட்டில் மிதிப்பதுதான் சிக்கல். வியர்வையில் நனைந்த துணி மூக்கிலும் வாயிலும் ஒட்டிக்கொண்டால் மூச்சு விடுவது கடினமாகும். தூசி பறக்கும் இடத்தைக் கடக்கும்வரை மூடிவிட்டு, பிறகு கழுத்துக்கு இறக்கிவிடலாம்.

புறப்படும் முன் ‘மைஎன்வி’ செயலியில் ‘டபிள்யூபிஜிடி’ அளவைப் பார்ப்பது நல்ல பழக்கம். காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம், வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவு அது. 31 டிகிரிக்குக் கீழ் இருந்தால் வெப்ப அபாயம் குறைவு. 33ஐ எட்டினால் அதிகம். 33ஐ எட்டிய நேரத்தில் எந்தத் துணியும் கைகொடுக்காது, பயணத்தைத் தள்ளிப்போடலாம்.

வழியில் தலைச்சுற்றல், தலைவலி, குமட்டல் வந்தால் உடனே நிழலுக்குச் சென்று தலைக்கவசத்தையும் பஃப்பையும் கழற்ற வேண்டும். கழற்றிய துணியை நீரில் நனைத்துக் கழுத்தில் ஒற்றி விசிறலாம். பேச்சு குழறினாலோ நினைவு தடுமாறினாலோ 995ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது.

முகக்கவசம் ஆகுமா?

கொவிட்-19 காலத்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. 2020 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று வெளியானதும், ‘கெய்ட்டர் அணிவதைவிட எதுவும் அணியாமலிருப்பதே மேல்’ என்று செய்திகள் பரவின. உண்மையில் அந்த ஆய்வாளர்கள் முகக்கவசங்களைச் சோதிக்க ஒரு மலிவான முறையைத்தான் விளக்கினார்கள். அவர்கள் சோதித்தது ஒரே ஒரு கெய்ட்டரை.

புகைமூட்டத்தைப் பொறுத்தவரை குழப்பமே வேண்டாம். மெல்லிய பஃப் பெரிய தூசியையும் பூச்சியையும் தடுக்கும், ‘பிஎம்2.5’ நுண்துகள்களைத் தடுக்காது. அதற்கு உரியது என்95 முகக்கவசம். அதை அணிந்துகொண்டு சைக்கிள் மிதிப்பதும் சரியல்ல. காற்று கெட்டிருக்கும் நாளில் சைக்கிள் வீட்டிலேயே இருக்கட்டும்.

வாங்கும்போது

அசல் பஃப் ஒன்றின் விலைக்குப் பெயர் தெரியாத நிறுவனங்களின் துணிகள் இரண்டு மூன்று வாங்கிவிடலாம். முத்திரையைவிட, தையல் விளிம்பு உறுத்துகிறதா, யுபிஎஃப் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது முக்கியம். கம்பளியோ தடித்த உள்பூச்சோ உள்ளவை குளிர்நாடுகளுக்கானவை. பருத்தி வேண்டாம், நனைந்தால் காய நேரமெடுக்கும்.

இரண்டாக வாங்கினால் ஒன்றைப் பையில் மாற்றாக வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் அலச வேண்டும், ஆனால் துணி மென்மையாக்கி சேர்க்கக் கூடாது. அது இழைகளில் படிந்து வியர்வை உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். இரவு அலசிக் காயப்போட்டால் மறுநாள் காலைப் பயணத்துக்குத் தயாராகிவிடும்.