குறியிடமும் அல்லகுறியும்

அகப்பொருள் இலக்கணம் பயின்றோர் 'குறியிடம்' என்னுஞ் சொல்லை அறிவர். தலைவனுந் தலைவியும் பிறரறியாது சந்தித்தற்கென வரையறுத்துக்கொள்ளும் இடம் அது. பகலிற் சந்திப்பது பகற்குறி. இரவிற் சந்திப்பது இரவுக்குறி. இடத்தைச் சுட்டுபவள் தோழி. அவள் வீதியின் பெயரையோ வீட்டின் இலக்கத்தையோ கூறுவதில்லை. ஒரு மரத்தைக் கூறுவாள். ஒரு சுனையைக் கூறுவாள். அஃதே போதும். வேறொன்றைக் குறியென மயங்கி வந்து ஏமாந்து மீளுதலும் உண்டு. அதனை 'அல்லகுறிப்படுதல்' என்பர்.

முப்பதாண்டுகளாக மாணவர்க்கு இவற்றைப் பாடஞ் சொல்லி வருகின்றேன். ஆயினும், இவ்விரு சொற்களின் பொருளும் என் நெஞ்சிலே தைத்தது சென்ற விடுமுறைக் காலத்திலேதான். தைக்கச் செய்தவன் பதினான்கு வயதுச் சிறுவன்.

என்னிடங் கற்ற ஒருவர் இப்பொழுது கனடாவில் வாழ்கின்றார். அவர் தம் மைந்தனுடன் வந்து, கிளிநொச்சிக்கு அண்மையிலுள்ள எம் இல்லத்திலே சில நாள் தங்கினார். ஒருநாட் காலை, சிறுவன் திண்ணையிலே மடிக்கணினியை விரித்து, காரிலே பொருத்தும் வழிகாட்டிக் கருவியைக் கம்பியால் அதனோடு இணைத்து, எதனையோ ஏற்றிக்கொண்டிருந்தான்.

"தம்பி, என்ன ஏற்றுகிறாய்?" என்றேன்.

"ஒளிச்சு வைச்ச பெட்டியள் இருக்கிற இடங்கள், ஐயா" என்றான்.

நான் திடுக்கிட்டேன். வன்னியில் வாழ்ந்தவர்க்கு, ஒளித்து வைத்த பொருள் என்றதும் விளையாட்டு நினைவுக்கு வருவதில்லை. மிதிவெடி நினைவுக்கு வரும். அன்றேல், தாமே புதைத்துவிட்டு ஓடிய பொருள் நினைவுக்கு வரும்.

என் அச்சத்தைக் கண்ட தந்தையார் விளக்கினார். ஜியோகேஷிங் என்பது அவ்விளையாட்டின் பெயர். 2000 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி, அமெரிக்க அரசு தன் வழிகாட்டிச் செய்மதிகளின் குறிப்பிலே வேண்டுமென்றே கலந்து வைத்திருந்த பிழையை நீக்கிற்று. அதுகாறும் நூறு மீற்றரளவு தவறக்கூடியனவாயிருந்த பொதுமக்களின் கருவிகள், அன்றுதொட்டு இடத்தைப் பன்மடங்கு செம்மையாகக் காட்டின. மறுநாளே டேவ் அல்மர் என்பவர் ஒறிகன் மாநிலத்துக் காட்டோரத்திலே ஒரு வாளியிற் சில பொருள்களை இட்டு மறைத்து, அவ்விடத்தின் அளவைக் குறிப்பை உலகுக்கு அறிவித்தார். அன்று முளைத்த விளையாட்டு இன்று உலகெங்கும் பரந்துள்ளது. தேடிக் கண்டவர் பெட்டியிலுள்ள ஏட்டிலே தம் பெயரை எழுதவேண்டும். ஒரு பொருளை எடுத்தால் இன்னொன்றை வைக்கவேண்டும். மண்ணைத் தோண்டிப் புதைத்தலாகாது என்பதும் அதன் விதிகளுள் ஒன்று.

புதைத்தலாகாது! இவ்விதி எத்துணை நல்லது! ஆனால், நாங்கள் புதைத்தோமே!

2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியிலே, போர் எம் ஊரை நெருங்கியபோது, சுமக்க இயன்றதைச் சுமந்துகொண்டு கிழக்கு நோக்கிப் பெயர்ந்தோம். சுமக்க இயலாதவற்றைப் பலரும் மண்ணிடம் ஒப்படைத்தனர். நான் ஒப்படைத்தது ஒரு தகரப் பெட்டி. என் ஆசிரியர் எனக்குப் பாடஞ் சொன்ன காலத்து யான் எழுதி வைத்த குறிப்பேடுகள் ஏழும் அதனுள் இருந்தன. பொலித்தீனால் மூன்று முறை சுற்றினேன். ஒரு பெரிய பாலைமரத்துக்குக் கிழக்கே ஒன்பது எட்டு. அதுவே யான் வைத்த குறி. பாலை வைரமரம்; நூறாண்டு நிற்பது. அதனினும் உறுதியான குறி வேறு யாதுண்டு என்று அன்று எண்ணினேன்.

போர் 2009 மே மாதத்தில் ஓய்ந்தது. மிதிவெடி அகற்றுவோர் தம் பணியை முடித்து, அந்நிலத்திலே கால்வைக்கலாம் என்று சொல்லும்வரை காத்திருந்தோம். பின்னர்ச் சென்று பார்த்தால் பாலை இல்லை. வேலி இல்லை. கிணற்றுக் கட்டும் இல்லை. ஒன்பது எட்டு எண்ணுதற்குத் தொடக்கம் எங்கே? மூன்றிடங்களில் அகழ்ந்தேன். மண்ணே கிடைத்தது. அல்லகுறிப்பட்டு மீண்டேன்.

இக்கதையைக் கேட்ட சிறுவன், "இடத்தின்ரை நம்பர் தாங்கோ, ஐயா, நான் ஏத்திவிடுறன்" என்றான். என்னிடமிருந்த பழைய நிலவளவைப் படமொன்றின் ஓரத்தைக் கொண்டு கணக்கிட்டு, வடக்கே 9 பாகை 23.5 கலை, கிழக்கே 80 பாகை 24.5 கலை என்றேன். பாகையும் கலையும் பஞ்சாங்கம் பார்ப்போர்க்குப் பழகிய சொற்கள். ஒரு பாகைக்கு அறுபது கலை. சிறுவனோ 9.235 என்றும் 80.245 என்றும் பதிந்தான். உடனே கருவியின் அம்பு எம் ஊரை விட்டுத் தென்மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீற்றர் தொலைவிலே போய் நின்றது!

தந்தையார் நகைத்தார். கலையை அறுபதால் வகுத்த பின்னரே அது பாகையின் பதின்மமாகும், 23.5 கலை என்பது 0.3917 பாகை. இவ்விளையாட்டினர் தம் இடங்களைப் பாகையும் கலையுமாகவே எழுதுவது வழக்கம். அவற்றைக் கையாற் பெயர்த்தெழுதுவோர் பலர் இங்கேதான் வழுக்கி விழுகின்றனராம். முழுப் பட்டியலையும் ஜீ.பி.எக்ஸ். என்னுங் கோப்பாகப் பெற்று அப்படியே கருவியில் ஏற்றினால் இப்பிழை நேராது. ஏற்றியபின், குறித்த இடத்தை வண்டி அணுகுகையில் மணியொலிக்குமாறும் அமைத்துக்கொள்ளலாம். பழந்தமிழ்த் தோழியின் பணியை இக்காலத்திலே இக்கருவி செய்கின்றது என்று வியந்தேன்.

பிழையைத் திருத்திக்கொண்டு மாலையிற் புறப்பட்டோம். வீதியோரத்திலே, "வந்து சேர்ந்துவிட்டீர்கள்" என்று கருவி ஆங்கிலத்திற் கூறிற்று. எதிரே வாய்க்கால்; அதற்கப்பால் வயல். காரிலுள்ள கருவி வீதியை அறியும். ஒற்றையடிப் பாதையை அறியாது. அன்றியும், என் கணக்கோ கலையிற் பத்திலொரு பங்கு வரைதான் நுணுகியது. பத்திலொரு பங்கு என்பது நிலத்தில் 185 மீற்றர். பெட்டி தேடுவோர் ஆயிரத்திலொரு பங்கு வரை குறிப்பர். அஃது ஏறக்குறைய இரண்டு மீற்றர். என் பெட்டிக்கு அத்தகைய குறிப்பு இல்லை. அன்று என் கையில் இப்படியொரு கருவி இருந்திருப்பின், பாலை வீழ்ந்தாலும் பெட்டி பிழைத்திருக்கும். இதனை ஒப்புக்கொள்ளுதற்கு நான் நாணவில்லை.

வயலோரத்திலே நின்ற ஒரு மூதாட்டியிடம், "அம்மா, இங்கே முன்பு ஒரு பெரிய மரம் நின்றதே?" என்று வினவினேன். "பாலையடியைத்தானே கேக்கிறியள்? அந்தா, வாழை நிக்குதே, அதுதான் பாலையடி" என்றார். மரம் இல்லை. பெயர் நின்றது. கருவி இருநூறு மீற்றர் வரை கொண்டுவந்து விட்டது. எஞ்சிய தூரத்தை ஒரு பெயர் கடத்தி வைத்தது.

இன்று அது பிறர் வாழ்ந்து பயிர் செய்யும் நிலம். அவர் வாழையைச் சாய்த்து என் ஏடுகளைத் தேட எனக்கு மனம் வரவில்லை. பதினைந்து மாரிக்கு மேற் கடந்தபின் அவை ஏடாக இருக்குமோ, எருவாக இருக்குமோ? சிறுவன் வாழையடியில் நின்று அவ்விடத்தின் அளவையைப் பதிந்தான். "இதுக்கு என்ன பெயர் போட?" என்றான். "பாலையடி" என்றேன். அவன் உரோம எழுத்திலே எழுதினான். எழுதியதை வாசித்த தந்தையார், "பளையோ?" என்று கேட்டார்! பளை வடக்கேயுள்ள வேறோர் ஊர். அவ்வெழுத்திலே பாலையும் பளையும் பாளையும் ஒன்றே. எண்ணிலே மட்டுமன்றி எழுத்திலும் அல்லகுறி உண்டு என்பதை அறிந்தேன். பின்னர்த் தந்தையார் கணினியிலே தமிழெழுத்தால் அதனைத் திருத்தினார்.

வன்னியிலுள்ள இடப்பெயர்களை ஒருகணம் எண்ணிப் பாருங்கள். இரணைமடு, தண்ணிமுறிப்பு, நெடுங்கேணி, மாங்குளம், புளியங்குளம், முத்தையன்கட்டு. மடு, முறிப்பு, கேணி, குளம், கட்டு ஆகிய ஒவ்வொன்றும் நீர் நின்ற வகையைச் சொல்லும். முன்மொழிகளுட் சில மரத்தையோ மனிதரையோ சொல்லும். இவை பேரூர்கள்; படத்தில் ஏறிவிட்டன. பாலையடி போன்ற சிறு பெயர்கள் எந்தப் படத்திலும் இல்லை. அவை மூதாட்டியரின் நாவிலே இருக்கின்றன. நாவும் நூறாண்டு நிற்பதன்று.

ஆதலின், ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்பொழுது இடத்தின் அளவையைக் காட்டுங் கைத்தொலைபேசி பெரும்பாலான வீடுகளில் உண்டு. உங்கள் மாணவரை அடுத்த விடுமுறையிலே அவரவர் ஊர்க் குளக்கட்டுக்கும் வயற்கரைக்கும் முதியோருடன் அனுப்புங்கள். நிலம் பாதுகாப்பானதென உறுதியான இடங்களுக்கு மட்டும் அனுப்புங்கள். ஒவ்வோரிடத்தின் அளவையையும், முதியோர் கூறும் பெயரையும், அப்பெயர் வந்த காரணத்தையும் தமிழெழுத்திலே பதியச் செய்யுங்கள். பெயரில்லாத எண் ஊமை. எண்ணில்லாத பெயர், மரம் வீழ்ந்தால் வழி தவறும்.

சிறுவன் கனடாவுக்குத் திரும்பிவிட்டான். அவன் பட்டியலிலே பெட்டியில்லாத இடம் ஒன்று இருக்கின்றது. அதன் பெயர் பாலையடி.