ரிலே சோதனை மென்பொருள்: தொடக்கநிலையாளருக்குத் தமிழில் ஓர் அறிமுகம்

மொழி பற்றிய சொற்பொழிவு வரிசையில் மின்பொறியியல் மென்பொருள் ஒன்றுக்கு இடம் தருவதன் காரணம் எளியது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் தொழில்நுட்பக் கல்விக்கூடங்களிலும் பயிலும் நம் மாணவர் சிலர் துணைமின்நிலையப் பணிகளுக்குச் செல்கின்றனர். அங்கே செய்த வேலையைத் தமிழில் விளக்குமாறு கேட்டால், 'ரிலேயை டெஸ்ட் செய்தோம், டிரிப் ஆனது' என்ற அளவில் விளக்கம் நின்றுவிடுகிறது. கலைச்சொற்கள் ஆங்கிலமாக இருப்பதை நாம் பெருங்குறையாகக் கருதவில்லை. அச்சொற்களுக்குப் பின்னால் நிகழ்வதைக் காரண காரியத் தொடர்ச்சியோடு சொல்ல இயலாமையே குறை. அத்தொடர்ச்சியை ஒருமுறை தமிழில் சொல்லிப் பார்ப்போம்.

துணைமின்நிலையத்திலிருந்து புறப்படும் 11 கிலோவோல்ட் மின்வடம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அதில் 400 ஆம்பியர் மின்னோட்டம் செல்கிறது எனின், பணியிடத்தார் 'சி.டி.' என்று சொல்லும் மின்னோட்ட மாற்றி அதனை 1 ஆம்பியராகக் குறைத்துத் தருகிறது. 'வி.டி.' எனப்படும் மின்னழுத்த மாற்றி 11,000 வோல்ட்டை 110 வோல்ட்டாகக் குறைக்கிறது. இச்சிறிய அளவுகளைப் பாதுகாப்பு ரிலே இடைவிடாது நோக்கிக்கொண்டிருக்கிறது. சாலை தோண்டும் பொறி வடத்தை வெட்டிவிட்டால் மின்னோட்டம் பன்மடங்கு பெருகும். ரிலே அதனைக் கண்டு, உரிய நேரம் பொறுத்து, பிரேக்கருக்கு ஆணையிடும்; பிரேக்கர் வடத்தைத் துண்டிக்கும். ஆணை தாமதமானால் வடமும் கருவிகளும் எரியும், அருகில் நிற்பவர் உயிரிழக்கவும் கூடும். வேண்டாத வேளையில் ஆணை பிறந்தால், பழுதே இல்லாத ஊர் இருளில் மூழ்கும்.

ரிலே பழுதாகாமலே இவ்விரண்டாவது தீங்கு நேரலாம். 1965 நவம்பர் 9ஆம் நாள் மாலை, கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் சர் ஆடம் பெக் நீர்மின்நிலையத்திலிருந்து செல்லும் ஐந்து 230 கிலோவோல்ட் தடங்களுள் ஒன்றை ஒரு ரிலே துண்டித்தது. எஞ்சிய நான்கும் சுமை தாங்காமல் சில வினாடிகளுக்குள் அடுத்தடுத்து விழுந்தன. அமெரிக்காவின் வடகிழக்கிலும் ஒண்டாரியோவிலுமாக ஏறத்தாழ 3 கோடி மக்கள் மின்சாரம் இழந்தனர். நியூயார்க் நகரின் பெரும்பகுதி இருண்டது. அந்த ரிலே தனக்கிட்ட அளவின்படியே நடந்தது. சில ஆண்டுகளுக்கு முன் குறிக்கப்பட்ட அவ்வளவைத் தடத்தின் சுமை கடந்து வளர்ந்திருந்தது என்பதே கோளாறு. சோதனை மென்பொருள் எதனைக் கண்டுபிடிக்கும், எதனைக் கண்டுபிடிக்காது என்பதை அறிய விரும்புவோர் இந்நிகழ்வை நினைவில் வைத்துக்கொள்ளுதல் நலம்.

சோதனைக்கு இரு பொருள்கள் வேண்டும். ஒன்று, உண்மையான சி.டி., வி.டி. தரும் அளவுகளைப் போலவே செயற்கையாக மின்னோட்டமும் மின்னழுத்தமும் செலுத்தும் பெட்டி. மற்றொன்று, அப்பெட்டியை ஆளும் கணினி மென்பொருள். ஆஸ்திரியாவின் ஒமிக்ரான் நிறுவனம் வழங்கும் 'டெஸ்ட் யுனிவர்ஸ்' இவற்றுள் ஒன்று. டோபிள், மெகர் ஆகிய நிறுவனங்களும் தத்தம் மென்பொருள்களை வழங்குகின்றன. திரையின் தோற்றம் வேறுபடினும் அடிப்படை ஒன்றே. ஒன்றைக் கற்றவர் மற்றொன்றைக் கற்பதற்கு நெடுநாள் ஆகாது.

கணினியைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை மூன்று. இப்பகுதியை மாணவர்கள் விரைந்து கடந்துவிடக் கூடாது. முதலாவது, ரிலேயிலிருந்து பிரேக்கருக்குச் செல்லும் டிரிப் இணைப்பைத் தனிமைப்படுத்துதல். இல்லையேல், சோதனையின் முதல் வெற்றியே ஊரின் மின்சாரத்தை நிறுத்திவிடும். இரண்டாவது, சி.டி.யின் இரண்டாம் சுற்றைக் குறுக்கிணைத்தல். மின்வடத்தில் மின்னோட்டம் செல்லும்போது அச்சுற்றைத் திறந்துவிட்டால், உயிரைப் பறிக்கும் அளவுக்கு உயர்மின்னழுத்தம் அதன் முனைகளில் தோன்றும். மூன்றாவது, வி.டி.யை ரிலேயிலிருந்து பிரித்தல். மாற்றி இருபுறமும் மாற்றும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நாம் செலுத்தும் 110 வோல்ட் பின்னோக்கிச் சென்றால் மறுமுனையில் 11,000 வோல்ட்டாக எழும். 'மின்சாரம் நிறுத்தப்பட்ட' தடத்தில் அங்கே ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கலாம்.

இனி மென்பொருள். அது முதலில் கேட்பது சோதிக்கப்படும் ரிலேயின் விவரம்: பெயர், அதிர்வெண் (நம் வட்டாரத்தில் 50 ஹெர்ட்ஸ்), சி.டி. விகிதம், வி.டி. விகிதம். அடுத்து, பெட்டியின் எந்த முனை ரிலேயின் எந்த முனையோடு சேர்கிறது என்னும் இணைப்பு விவரம். ரிலேயின் டிரிப் தொடர்பு பெட்டியின் உள்ளீட்டு முனைக்கு வர வேண்டும்; மென்பொருளின் கடிகாரத்தை நிறுத்துவது அதுவே. அத்தொடர்பில் மின்னழுத்தம் உண்டா, வெறுந்தொடர்பா என்பதைப் பிழையாகக் குறித்தால், ரிலே சரியாகச் செயற்பட்டும் மென்பொருள் 'செயற்படவில்லை' என்று எழுதும்.

தொடக்கநிலையாளர் உடனே தானியங்கிச் சோதனைக்குத் தாவாமல், கையால் அளவுகளைக் குறிக்கும் எளிய பகுதியில் தொடங்குக என்பது நம் கருத்து. டெஸ்ட் யுனிவர்சில் அதன் பெயர் 'குவிக் சிஎம்சி'. மூன்று பேஸ்களுக்கும் தலா 63.5 வோல்ட், தலா 1 ஆம்பியர், கோணங்கள் 0, கழித்தல் 120, கூட்டல் 120 பாகை எனக் கொடுத்து, ரிலேயின் திரையைப் பார்க்க வேண்டும். அது முதன்மைப்பக்க அளவைக் காட்டுமாயின், 400 ஆம்பியர் என்று இருத்தல் வேண்டும். 80 என்று காட்டினால் விகிதம் 400/5 என ரிலேக்குள் பதிவாகியுள்ளது என்று பொருள். இரண்டு நிமிடங்களில் முடியும் இச்சிறு பார்வை பின்னர் வரும் ஒரு மணி நேரக் குழப்பத்தைத் தவிர்க்கும்.

அடுத்த படி 'பிக்-அப்' சோதனை. இச்சொல்லைப் பற்றிச் சற்றுப் பேச வேண்டியுள்ளது. பழைய ரிலேக்களில் மின்காந்தம் ஓர் இரும்புத் துண்டை மேலே இழுக்கும். மின்னோட்டம் குறைந்தால் அது கீழே விழும். பிக்-அப், டிராப்-அவுட் என்னும் ஆங்கிலச் சொற்கள் அவ்வசைவைக் குறிப்பன. இன்றைய எண்மின் ரிலேயில் எழுவதற்கும் விழுவதற்கும் பொருளொன்றும் இல்லை. சொற்கள் மட்டும் நிலைத்துவிட்டன. தமிழில் இவற்றை 'எழுநிலை', 'விழுநிலை' என்று சொல்லலாம் என நாம் பரிந்துரைக்கிறோம். ஒலியாலும் இணைகின்றன, பழைய காட்சியும் அழியவில்லை. 'மின்தடை' என்பதை மட்டும் இவ்விளக்கங்களில் தவிர்த்தல் நன்று. நாளிதழில் அது மின்சாரம் நின்றுபோவது, அறிவியல் பாடநூலில் ஓம் என்னும் அலகால் அளக்கப்படும் பண்பு. 'ரிலே மின்தடையை அளந்தது', 'ரிலே மின்தடையை உண்டாக்கியது' என ஒரே பக்கத்தில் எழுதும் மாணவரைத் திருத்துவதற்கு ஆசிரியருக்கே ஒருகணம் தேவைப்படும். மின்சாரம் நிற்பதை 'மின்துண்டிப்பு' என்போம்.

எழுநிலையைக் காண மின்னோட்டத்தைச் சிறு படிகளாக உயர்த்துவர். படியின் அளவையும், ஒவ்வொரு படியிலும் நிற்கும் நேரத்தையும் நாமே குறிக்க வேண்டும். இங்கே புதியவர் பலர் தடுமாறுகின்றனர். மின்னோட்டம் மிகும்போது விரைந்தும் குறையும்போது தாமதித்தும் செயற்படும் ரிலேயில், எழுநிலையை ஒட்டிய மின்னோட்டத்துக்கு டிரிப் ஆணை பிறக்க நெடுநேரம் ஆகும். டிரிப் தொடர்பை நோக்கியபடி 0.2 வினாடிக்கு ஒரு படி ஏறினால், ரிலே எழுந்த பிறகும் மென்பொருள் ஏறிக்கொண்டே போய், உண்மையைவிட மிக உயர்ந்த எண்ணை எழுநிலையாகப் பதிவுசெய்யும். ஆதலால் நோக்க வேண்டியது ரிலேயின் 'ஸ்டார்ட்' தொடர்பு. சில ரிலேக்களின் எழுநிலை, குறித்த அளவுக்குச் சற்று மேலே இருக்குமாறே வடிவமைக்கப்பட்டுள்ளது. அதனைக் குற்றமெனக் கொள்ளும் முன் கையேட்டைப் புரட்டுக.

நேரச் சோதனையே இப்பணியின் நடுநாயகம். அனைத்துலகத் தரத்தின் 'ஸ்டாண்டர்டு இன்வர்ஸ்' வளைகோட்டை எடுத்துக்கொள்வோம். செலுத்தும் மின்னோட்டம் அமைப்பளவைப்போல் எத்தனை மடங்கோ, அவ்வெண்ணின் 0.02 அடுக்கைக் கண்டு, அதிலிருந்து 1ஐக் கழித்து, வரும் விடையால் 0.14ஐ வகுத்து, நேரப் பெருக்கியால் பெருக்கினால் வினாடிகள் கிடைக்கும். அமைப்பளவு 1 ஆம்பியர், நேரப் பெருக்கி 0.1 எனின், 1.1 ஆம்பியருக்கு ஏறத்தாழ 7.3 வினாடி, 2 ஆம்பியருக்கு 1.00, 5 ஆம்பியருக்கு 0.43, 10 ஆம்பியருக்கு 0.30. மென்பொருள் இவற்றைத் தானே கணித்து, அளந்த நேரத்தோடு ஒப்பிட்டு, அனுமதிக்கப்பட்ட விலகலுக்குள் இருந்தால் பச்சைக் குறியிடும். மாணவர்கள் முதல் சில புள்ளிகளையாவது கணிப்பானில் தாமே கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். 'வெரி இன்வர்ஸ்' என்னும் வேறு வளைகோட்டில் அதே 2 ஆம்பியருக்கு 1.35 வினாடியும், 10 ஆம்பியருக்கு 0.15 வினாடியும் வரும். ஒரிடத்தில் தாமதம், மற்றோரிடத்தில் அவசரம். ஒரு புள்ளியை மட்டும் சோதித்தவர் வளைகோடு மாறியிருப்பதை உணராமல் போகலாம்.

பச்சைக் குறியைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மென்பொருள் எதிர்பார்க்கும் நேரம் நாம் உள்ளிட்ட அளவுகளிலிருந்து பிறப்பது. அவ்வளவுகளை ரிலேயிலிருந்தே இறக்கிக்கொள்ளும் வசதி இன்று உண்டு. தட்டெழுத்துப் பிழை நேராது என்பதால் பலரும் அதனை விரும்புகின்றனர். எனினும், ரிலேக்குள் தவறான அளவு பதிவாகியிருந்தால், அதே தவறு எதிர்பார்ப்பிலும் ஏறும், இரண்டும் ஒத்துப்போகும், குறி பச்சையாகும். மாணவன் எழுதிய விடையையே விடைக்குறிப்பாக வைத்துத் திருத்தினால் யாருக்கும் முழு மதிப்பெண்தானே! வடிவமைப்புப் பொறியாளர் ஒப்பமிட்ட அமைப்பளவுப் பட்டியலிலிருந்தே எதிர்பார்ப்பைக் கொள்ள வேண்டும். அப்பட்டியலே காலாவதியாகிவிட்டதென்றால், 1965இல் நேர்ந்ததுபோல, எந்த மென்பொருளும் எச்சரிக்காது. அதனைக் கேட்க வேண்டியவர் மனிதர்.

பழுதுக்கு முன், பழுது, பழுதுக்குப் பின் எனப் பல நிலைகளை வரிசையாக அமைக்கும் பகுதியும் மென்பொருளில் உண்டு. தமிழ் மாணவருக்கு இது எளிதில் விளங்கும். கண்டு, அளந்து, பொறுத்து என வினையெச்சங்கள் அடுக்கிவர, துண்டித்தது என்னும் வினைமுற்றில் வாக்கியம் முடிவதுபோல் அவ்வரிசை அமைகிறது. ஒவ்வொரு நிலைக்கும் அளவுகளும், அடுத்ததற்குச் செல்லும் நிபந்தனையும் தேவை. நிபந்தனை இல்லாத நிலை முற்றுப்பெறாத வாக்கியம். பெட்டி அங்கேயே நின்றுவிடும்.

ரிலேயின் பணிகளைக் குறிக்கும் எண்களை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. 50 என்றால் உடனடி மிகைமின்னோட்டம், 51 என்றால் நேரந்தாழ்த்திய மிகைமின்னோட்டம், 87 என்றால் வேறுபாட்டுப் பாதுகாப்பு. அமெரிக்கத் தரத்தில் பிறந்த இவ்வெண்கள் எம்மொழியிலும் அவ்வாறே வழங்குகின்றன. கலைச்சொல்லாக்கத்தில் உழைத்த நமக்கு இது சற்றுப் பொறாமையூட்டும் செய்தி.

இறுதியாக அறிக்கை. அளவுகள், நேரங்கள், வளைகோடுகள் அனைத்தையும் மென்பொருளே தொகுத்துவிடும். அது தொகுக்காதது, சோதனைக்காகக் கழற்றியவற்றைத் திரும்ப மாட்டியதற்கான சான்று. டிரிப் இணைப்பைத் திறந்தபடியே விட்டுச் சென்றால், எல்லாச் சோதனையிலும் தேறிய ரிலே, உண்மைப் பழுது நேரும் நாளில் ஆணையிடும். அது பிரேக்கரைச் சென்றடையாது. 'இணைப்புகள் சரிபார்க்கப்பட்டன' என்று எழுதும் வழக்கம் பரவலாக உள்ளது. செயப்பாட்டு வினை செய்தவரை மறைத்துவிடுகிறது. யார் பார்த்தார், எப்போது பார்த்தார் என்பதற்கு அதில் விடையில்லை. தமிழின் தன்மை வினைமுற்றோ எழுவாய் இல்லாமலே செய்தவரைக் காட்டும். ஆகவே, மாணவர்கள் தம் அறிக்கையின் கடைசி வரிகளை, 'டிரிப் இணைப்பை மாலை 4.10க்கு மூடினேன், சி.டி. குறுக்கிணைப்பை நீக்கினேன், உடன் நின்றவர் பார்த்தார்' என்று எழுதி, இருவரும் ஒப்பமிடுமாறு ஆசிரியர்கள் பழக்குதல் வேண்டும்.