தோட்டாவின் அடியில் ஒரு சிறு கிண்ணி

கைத்துப்பாக்கித் தோட்டா ஒன்றிற்கு உறுப்புகள் நான்கு. முனையிலே குண்டு, அதன் பின்னே வெடிமருந்து, இவ்விரண்டையும் தாங்கி நிற்பது பித்தளைக் கூடு, கூட்டின் அடிப்புறத்து நடுவிலே பதிந்திருப்பது பிரைமர் எனப்படும் சிறு கிண்ணி. துப்பாக்கியின் ஊசி இக்கிண்ணியை அடிக்க, உள்ளிருக்கும் பொருள் தீப்பொறி கக்கி வெடிமருந்தைப் பற்றவைக்கின்றது. உறுப்புகளிற் சிறியது இதுவே. ஆயினும் இதில் நேரும் பிழை சிறியதன்று.

இதன் வரலாறு ஸ்கொத்லாந்தில் ஒரு மதகுருவிடம் தொடங்குகின்றது. பெல்ஹெல்வி என்னும் ஊரின் குருவாகிய அலெக்சாண்டர் போர்சைத் பறவை வேட்டையில் விருப்புடையவர். அக்காலத்துச் சக்கிமுக்கித் துவக்கில், முதலில் வெளியே மருந்து பளிச்சிட்டு எரியும். அதன் பின்னரே குண்டு பாயும். அந்த இமைப்பொழுதிற் பறவை தப்பிவிடும். அடிபட்டமாத்திரத்தே வெடிக்கும் இரசாயனப் பொருள்களைக் கொண்டு இக்குறையை நீக்க முயன்ற போர்சைத், 1807இல் தம் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அப்பொருளைச் செப்பு மூடியினுள் அடைக்கும் முறை வந்தது. 1834இல் ஆங்கிலேயர் நடத்திய சோதனையில், ஆறாயிரம் முறை சுட்டபோது சக்கிமுக்கித் துவக்குகள் 922 முறை பற்றாமற் போயின. மூடியிட்டவை 36 முறையே தவறின. மழையிலும் காற்றிலும் நிற்கும் போர்வீரனுக்கு இவ்வேறுபாடு உயிர் பற்றியதாகும்.

கூடும் மருந்தும் குண்டும் ஒன்றாகிய தோட்டா தோன்றியபின், 1866இல் இரு முறைகள் எழுந்தன. கிண்ணி அடிபடும்போது உள்ளிருக்கும் பொருள் நசுங்க வேண்டுமாயின், கொல்லனுக்குப் போல அதற்கும் ஒரு பட்டடை வேண்டும். அமெரிக்கராகிய ஹைரம் பேர்டன் அப்பட்டடையைக் கூட்டிலேயே அமைத்தார். ஆங்கிலேயராகிய எட்வேட் பொக்ஸர் அதனைக் கிண்ணிக்குள்ளேயே வைத்தார். விந்தை யாதெனில், அமெரிக்கர் முறை ஐரோப்பாவிலும், ஆங்கிலேயர் முறை அமெரிக்காவிலும் பரவியமையே. பொக்ஸர் முறையிற் கூட்டின் நடுவே ஒரே துளை இருத்தலால், பயன்பட்ட கிண்ணியை ஓர் ஊசியினால் எளிதில் தள்ளி வெளியேற்றலாம். ஆகவே பித்தளைக் கூட்டை வீசிவிடாது மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவிலே குறிபார்த்துச் சுடுவோரிடையே வேரூன்றிற்று.

இனி, அளவு பற்றிய சிக்கலைக் கூறுவோம். கைத்துப்பாக்கிக்குரிய பிரைமர் இரு அளவினது. சிறியதன் விட்டம் 0.175 அங்குலம், பெரியது 0.210 அங்குலம். இரண்டிற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மில்லிமீற்றரும் இல்லை. முன்னர் இன்ன தோட்டாவுக்கு இன்ன அளவு என்பது பெரும்பாலும் வரையறையாயிருந்தது. 1911இல் அமெரிக்கப் படை ஏற்ற .45 அங்குலத் தோட்டா பெரிய பிரைமருக்கே உரியது. ஆனால் பிற்காலத்தில் ஈயம் கலவாத பிரைமர்கள் வந்தபின், அதே தோட்டாவைச் சிறிய பிரைமருடனும் சில ஆலைகள் செய்யத் தொடங்கின. நீளத்திலும் தடிப்பிலும் இருவகைக் கூடுகளும் ஒத்தவை. அடியைக் கவிழ்த்துப் பார்த்தாலன்றி வேறுபாடு புலப்படாது.

சுடுகளத்திற் பொறுக்கிய கூடுகளில் இவ்விரண்டும் கலந்துவிடுகின்றன. பெரிய குழியிற் சிறிய கிண்ணி நில்லாது விழுந்துவிடும். அது தொல்லை மட்டுமே. சிறிய குழியிற் பெரிய கிண்ணியை நெம்புகோலால் அழுத்துவதோ ஆபத்து. அடித்தால் வெடிக்க ஆக்கப்பட்ட பொருள், நசுக்கினாலும் வெடிக்கும். ஒன்று வெடிக்க, அருகே அடுக்கப்பட்டவை யாவும் வெடித்தலும் கூடும். விட்டம் ஒத்திருந்தாலும் எல்லாம் ஒன்றல்ல. நீள்துப்பாக்கிக்குரிய பெரிய பிரைமர் உயரம் மிக்கது. கைத்துப்பாக்கிக் கூட்டில் அது வெளியே துருத்தி நிற்கும். அதன் உலோகமும் தடித்தது. மெல்லிய அடிக்கு அது பற்றாமலும் போகலாம்.

இதனாலேயே அனுபவமுள்ளோர் கூடுகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்துத் தரம் பிரிப்பர், கண்காப்பு அணிவர், கை அழுத்தத்திற்குக் கிண்ணி இணங்காவிடின் வலிந்து தள்ளாது நிறுத்திவிடுவர். இத்தொழிலில் வலிமைக்கு வேலை குறைவு. பொருந்தாத இடத்தில் ஒரு பொருளை வலிந்து புகுத்தும் கை, தன் விரல்களையே பணயம் வைக்கின்றது.