மீன் பெட்டியில் ஒரு 'கல்' நீரூற்று... பால்கனிக்கு பட்ஜெட் ஐடியா!

நர்சரியில கல் நீரூற்று விலையைக் கேட்டுட்டு பேசாம திரும்பி வந்த ஆளா நீங்க? மீன் கடையில் தூக்கிப்போடும் தெர்மாகோல் பெட்டி, கொஞ்சம் சிமென்ட், ஒரு ஏர்கூலர் பம்ப் போதும்.

பெட்டியைக் கவிழ்த்து, ஓரங்களைக் கத்தியால் பாறை மாதிரி செதுக்குங்க. உச்சியில் டியூபுக்கு ஓட்டை, அடிவிளிம்பில் ஒயருக்கும் தண்ணீருக்கும் ஒரு வெட்டு. மேலே கோழி வலை சுற்றி, 1 பங்கு சிமென்ட், 2 பங்கு சலித்த மணலைக் கெட்டியாகக் குழைத்துப் பூசுங்க. கிளவுஸ் கட்டாயம், ஈர சிமென்ட் தோலைப் புண்ணாக்கிடும். பாதி இறுகியதும் கசக்கிய பாலித்தீன் கவரால் அழுத்தினால், அச்சு அசல் கல்தான்!

பலர் சொதப்புறது இதுக்கப்புறம்தான். சிமென்ட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகும். அதனால வெயிலில் வைக்காம, 7 நாள் ஈரச்சாக்கு போட்டு மூடுங்க.

பிறகு அகலமான டப்பில் பம்ப் வைத்து, மேலே 'பாறை'யை உட்கார வையுங்க. முதல் சில நாள் தண்ணீரில் சிமென்ட் காரம் இறங்கும், அடிக்கடி மாத்துங்க. மீன் விடுற ஆசை இப்போ வேண்டாம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குத் தேங்கிய நல்ல தண்ணிதான் பிடிக்கும். வாரம் ஒருமுறை டப்பைத் தேய்த்துக் கழுவுங்க. ஊருக்குப் போறீங்களா? பிளக்கைப் பிடுங்கிட்டு, தண்ணியைக் கொட்டிட்டுக் கிளம்புங்க.