அயர்லாந்து என்றதும் உங்கள் விடை என்ன?

மார்ச் 17 நெருங்கினால் போதும், அயர்லாந்து பற்றிய வினாடி வினாக்கள் தொடங்கிவிடும். லண்டனிலும் நியூயோர்க்கிலும் மதுக்கடை மேசைகளைச் சுற்றி இருந்துகொண்டு ஆட்கள் விடையை ஊகித்துச் சொல்வார்கள். கேள்விகள் பெரும்பாலும் பழையவைதான். மனதில் முதலில் வரும் விடையும் பெரும்பாலும் பிழைதான். நீங்களும் சொல்லிப் பாருங்கள்.

அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பற்றிக் எந்த நாட்டில் பிறந்தவர்? அயர்லாந்து அல்ல. ரோமர் ஆட்சியில் இருந்த பிரித்தானியாவில் பிறந்தவர். பதின்ம வயதில் ஐரிஷ் கொள்ளையரால் கடத்தப்பட்டு, அங்கே அடிமையாக மந்தை மேய்த்தவர். தப்பி வீடு போய்ச் சேர்ந்தவர், பின்னாளில் மறைபரப்பத் திரும்பி வந்தார்.

நாட்டின் அரச சின்னம்? மூவிலைச் செடியான ஷம்ரொக் என்றால் புள்ளி கிடையாது. யாழுக்கு உறவான ஹார்ப் என்ற நரம்பு வாத்தியமே சின்னம். கின்னஸ் பியர் நிறுவனம் 1876இலேயே ஹார்ப்பைத் தன் வணிகக் குறியாகப் பதிந்துவிட்டது. அரசின் ஹார்ப் அதற்கு எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கிறது. அமெரிக்காவில் அன்றைக்குச் சாப்பிடும் உப்பிட்ட மாட்டிறைச்சியும் கோவாவும்கூட, குடியேறியவர்கள் அங்கே போய்ப் பழகிய சாப்பாடு. ஊரில் கோவாவோடு சேர்வது பன்றி இறைச்சி.

குடி பற்றிய கேள்வி வராமல் இராது. 1838இல் கோர்க் நகரில் தியோபால்ட் மத்தியூ என்ற குருவானவர் தொடங்கிய இயக்கத்தில் இலட்சக்கணக்கான ஐரிஷ் மக்கள் குடிப்பதில்லை என்று சத்தியம் செய்தார்கள். அந்தக் கதையை எந்த வினாத்தாளிலும் நான் கண்டதில்லை.

அடுத்தது உருளைக்கிழங்கு. இந்தக் கேள்வி வந்ததும் மேசையில் சிரிப்பு எழும். ஐரிஷ்காரர் அதை விரும்பித் தின்கிறவர்கள் என்பது பகிடி. உருளைக்கிழங்கு தென் அமெரிக்காவிலிருந்து வந்த பயிர். நல்ல நிலம் பெரும்பாலும் ஆங்கில, புரட்டஸ்தாந்து நிலவுடைமையாளர் கையில் இருந்தது. குத்தகைக்காரர் தானியத்தை விற்று வாடகை கட்டினார்கள். மிஞ்சிய துண்டு நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடியதாக இருந்தது அந்தக் கிழங்கு மட்டும்தான். 1845இல் அதில் நோய் விழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். குறைந்தது இன்னும் பத்து இலட்சம் பேர் கப்பலேறினார்கள். அதே காலத்தில் அயர்லாந்தின் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. 1841இல் அந்தத் தீவில் 82 இலட்சம் பேர் இருந்தார்கள். இன்று வடக்கையும் தெற்கையும் சேர்த்து எண்ணினாலும் 70 இலட்சத்தைச் சற்றே தாண்டும். அந்த இடைவெளி இன்னும் நிரம்பவில்லை.

பட்டினியில் போனவர்களை வரவேற்றது கேலி. லண்டனின் ‘பஞ்ச்’ இதழில், ‘ஆலிஸ்’ கதைக்குப் படம் வரைந்த அதே ஜோன் டெனியல், ஐரிஷ் கிளர்ச்சிக்காரரைக் குரங்கு முகத்தோடு வரைந்தார். பின்னர் தொலைக்காட்சி வந்தபோது, மூளையில்லாத ஐரிஷ்காரன் அதிலும் வந்தான்.

1974 நவம்பரில் பேர்மிங்ஹாமில் இரண்டு மதுக்கடைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் கொல்லப்பட்டார்கள். அதன்பின் ஐரிஷ் உச்சரிப்போடு பேசுவதே சந்தேகத்துக்குப் போதுமானதாயிற்று. அதுவரை அந்த உச்சரிப்பு சிரிக்க வைக்கும் விடயமாக இருந்தது. ஒரு வாரம் கழிந்த கையோடு பயங்கரவாதத் தடைச் சட்டம் நிறைவேறியது. குற்றச்சாட்டு இல்லாமலே ஏழு நாள் வரை தடுத்து வைக்கலாம். குண்டுவெடிப்புக்காகப் பிடிபட்ட ஆறு ஐரிஷ்காரருக்கு 1975இல் ஆயுள்தண்டனை கிடைத்தது. அடித்து வாங்கியவை என்று அவர்கள் சொன்ன வாக்குமூலங்கள் அதற்குப் பெரிய ஆதாரமாக இருந்தன. 1991இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அறுவரையும் விடுவித்தது. அப்போது பதினாறு ஆண்டுகள் போயிருந்தன.

அந்தச் சட்டத்தின் பெயரில் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்ற சொற்கள் இருந்தன. 2000ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அது புதுப்பிக்கப்பட்டே வந்தது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டமாக இலங்கையில் வந்ததற்கும் அதே பெயர், அதே ‘தற்காலிக ஏற்பாடுகள்’. 1982இல் அது நிரந்தரமானது. இதை யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. என் நண்பர்களில் ஒருவரும் இதற்குச் சரியாக விடை சொல்லவில்லை. 1847இல், பஞ்சத்தின் மிக மோசமான ஆண்டில், அட்லாண்டிக்குக்கு அப்பாலிருந்து 170 டொலர் திரட்டி அனுப்பியவர்கள் யார்? அமெரிக்கப் பூர்வகுடிகளான சொக்டோ மக்கள். அமெரிக்க அரசு அவர்களைத் தங்கள் நிலத்திலிருந்து ஒக்லஹோமாவுக்கு நடத்திக் கலைத்தது 1831இல் தொடங்கியது. வழியில் ஆயிரக்கணக்கானவர்களை அவர்கள் புதைத்திருந்தார்கள். 2017இல் கோர்க் மாவட்டத்தின் மிட்ல்டன் ஊரில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. ஒன்பது பெரிய உருக்கு இறகுகள் வட்டமாக, ஒரு வெறும் கிண்ணத்தின் வடிவில் நிற்கின்றன. 2020இல் நவஹோ, ஹோபி மக்களிடையே கொரோனா பரவியபோது, அவர்களுக்காகத் திறந்த நிதிக்கு அயர்லாந்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் பணம் அனுப்பினார்கள். சொக்டோவுக்குப் பட்ட கடன் என்று அவர்களில் பலர் எழுதினார்கள்.