குளிர் நாட்டுத் தோட்டம் – 14: வாசல் தாண்டப்போகும் சோள நாற்று

சென்ற வாரக் கட்டுரையை, ஏப்ரல் கடைசியில் விதை ஊன்றியதோடு நிறுத்தியிருந்தோம். இப்போது மே மாதம் பாதி போய்விட்டது. இங்கிலாந்தில் ஸ்வீட் கார்ன் வளர்ப்பவர்களின் ஜன்னல் ஓரங்களில் நாற்றுகள் வரிசையாக நிற்கின்றன. நம் ஊரில் மக்காச்சோளத்துக்குப் பெரும்பாலும் நாற்று விடுவதில்லை. நேரே பாரில் ஊன்றிவிடுவோம். இங்கிலாந்திலோ மண் 10 டிகிரிக்கு மேல் சூடாகாதவரை விதை முளைக்காது, ஈரக்குளிரில் அழுகிவிடும். சூப்பர் ஸ்வீட் ரகங்கள் இன்னும் மோசம். அவற்றில் சர்க்கரை மாவாக மாறுவது குறைவு. இனிப்புக்கு அதுதான் காரணம். அதனாலேயே விதை சுருங்கி, முளைக்கு ஊட்ட மாவு போதாமல் இருக்கும். எனவே வீட்டுக்குள் முளைக்கவைத்து, பிறகு வெளியே நடுகிறார்கள்.

எப்போது நடுவது? தேதியைவிட நாற்றைப் பாருங்கள் என்பேன். முதல் சில நாட்கள் நாற்று விதையில் இருப்பதைத் தின்றே வளர்கிறது. மூன்றாவது இலை விரியும்போது அந்தச் சேமிப்பு ஏறக்குறையத் தீர்ந்து, தண்டின் அடிக்கணுக்களிலிருந்து புது வேர்கள் கிளம்பும். கடைசிவரை பயிரைத் தாங்கப்போவது இந்த வேர்கள்தான். இவை தொட்டியின் சுவரில் முட்டிச் சுற்றிக்கொள்ளும் முன் மண்ணுக்குப் போய்விட வேண்டும். மூன்று, நான்கு இலைப் பருவம் சரியானது. சின்னத் தொட்டியில் மாதக்கணக்கில் அடைபட்ட நாற்று, முழங்கால் உயரத்திலேயே பூவெடுத்து மணி நிரம்பாத கதிரைத் தரும். சோளம் வேரைத் தொந்தரவு செய்தால் பொறுக்காது என்பதால், காகிதக் குழாயில் விதைத்துக் குழாயோடு நடுபவர்கள் நல்ல வேலை செய்கிறார்கள்.

ஆனால் சரியான பருவம் வந்ததும் நேரே தோட்டத்துக்குத் தூக்கிப்போய்விடக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் வளர்ந்த இலை மெல்லியது. மேல் மெழுகுப்பூச்சு குறைவு. காற்றில் ஆடிப் பழகாத தண்டுக்கு உரமும் இல்லை. ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பழக்க வேண்டும். முதல் நாள் காற்றடிக்காத நிழலில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்து, சாயங்காலம் உள்ளே எடுத்துவிடுங்கள். மறுநாள் கொஞ்சம் கூடுதல் நேரம், அதற்கடுத்த நாள் கொஞ்சம் வெயில். இரவு வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே இறங்காது என்று வானிலை அறிக்கை சொன்ன பிறகே ராத்தங்கலுக்கு விடலாம்.

குளிரைவிட, குளிர் இரவுக்குப் பின் வரும் பளீரென்ற காலை வெயிலுக்குத்தான் அதிகம் அஞ்ச வேண்டும். சில்லிட்ட இலையால் அந்த வெளிச்சத்தைச் செலவழிக்க முடியாது. செலவாகாத ஒளி இலையின் பச்சையத்தையே சிதைக்கும். மறுநாள் இலை வெளுத்து நிற்பதைப் பார்த்து நோய் என்று மருந்து தேடுகிறவர்கள் உண்டு. அப்படிப்பட்ட காலைகளில் நாற்றைச் சுவரின் நிழலில் வைத்திருந்தாலே போதும். இலை ஊதாவாக மாறினாலும் பதற வேண்டாம். குளிர்ந்த மண்ணில் வேரால் பாஸ்பரஸ் எடுக்க முடிவதில்லை என்பதற்கு அது பெரும்பாலும் அடையாளம். அப்போது உரம் போடுவதில் பயனில்லை. நாற்றுக்கு வேண்டியது வெதுவெதுப்பு.

ஜெர்மனியில் மே 11 முதல் 15 வரையிலான நாட்களைப் பனிப் புனிதர்களின் நாட்கள் என்பார்கள். அவை கழியும் முன் மென்மையான பயிர்களை வெளியே நடக்கூடாது என்பது பழைய வழக்கம். தென் இங்கிலாந்தில் மே கடைசிக்கும், ஸ்காட்லாந்தில் ஜூனுக்கும் காத்திருப்பது நல்லது. அப்படியும் உறைபனி வந்து இலை கருகிவிட்டால் உடனே பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். ஐந்தாறு இலைவரை சோளத்தின் குருத்துமுனை மண்ணுக்குக் கீழேதான் இருக்கும். ஒரு வாரத்தில் புது இலை தள்ள வாய்ப்பு உண்டு.

நாற்று பழகிக்கொண்டிருக்கும் இந்த நாட்களில் நிலத்தையும் தயார் செய்யலாம். நடப்போகும் இடத்தில் கறுப்பு பிளாஸ்டிக் விரித்துவைத்தால் மண் சீக்கிரம் சூடேறும். நாற்றுகளை எண்ணியும் பாருங்கள். சோளத்தில் மகரந்தம் காற்றில்தான் போகிறது. கதிரின் ஒவ்வொரு இழைக்கும் மகரந்தம் கிடைத்தால்தான் அந்த இழைக்குரிய மணி முற்றும். ஒற்றை வரிசையில் நாலைந்து செடி நின்றால் பாதி மகரந்தம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விடும். நாலுக்கு நாலு கட்டமாகப் பதினாறு செடியாவது நிற்பது நல்லது. அதனால் அக்கம்பக்கத்தில் நாற்று கேட்டால், முதலில் பதினாறை ஒதுக்கிவைத்துவிட்டு மீதியைக் கொடுங்கள். கட்டம் போடும் முறையை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)